வீட்டில் 226 வோல்ட், கிணற்றில் 193 வோல்ட்: நடுவில் போன வாட் எங்கே?

கன்னடியன்_தோப்பு

வணக்கம் அண்ணாச்சிமாரே. கல்லிடைக்குறிச்சி பக்கம். வீட்டு மீட்டரிலிருந்து கிணறு 140 மீட்டர் தள்ளி இருக்கு. 1.5 எச்பி சிங்கிள் ஃபேஸ் ஓபன்வெல் சப்மெர்சிபிள், நேம் பிளேட்டில் 9.5 ஆம்பியர். போயிருக்கிற வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) காப்பர், ரெண்டு கோர், பிவிசி பைப்புக்குள்ள மண்ணுக்கடியில். வாய்க்காலைத் தாண்டுற இடத்தில் மட்டும் 6 மீட்டருக்கு 4 ஸ்கொயர் அலுமினியம் ஒட்டுப் போட்டிருக்கு.

மோட்டார் நிக்கும்போது வீட்டிலும் கிணற்றிலும் 231 வோல்ட். ஓடும்போது வீட்டில் 226, கிணற்றடி பேனலில் 193. கிளாம்ப் மீட்டர் 11 ஆம்பியர் காட்டுது. ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினா மோட்டாரை நிறுத்துறது) அடிக்கடி விழுதுன்னு 12 ஆம்பியருக்குத் திருகி வச்சிருக்கு. சில நேரம் சுவிட்ச் போட்டா உறுமிக்கிட்டே நிக்குது, எடுக்க மாட்டேங்குது. கிணற்றடியில் ஒரு ஸ்டெபிலைசர் போட்டாச் சரியாகும்னு சொல்லுதாவ.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தா ஓம், பெருக்கினா வாட். அது தெரியும். இங்கே எந்த வோல்ட்டை எடுக்கணும்? வயர் எத்தனை ஓம், அதில் எத்தனை வாட் வீணாகுதுன்னு எப்படிக் கணக்குப் போடணும்?

பேட்டை_வயர்மேன்

கேள்வியிலேயே பாதி விடை இருக்கு. எந்தப் பொருளோட ஓம் வேணுமோ, அந்தப் பொருளோட ரெண்டு முனைக்கும் நடுவில் விழுற வோல்ட்டை மட்டும்தான் எடுக்கணும். வயருக்கு 226-ம் கிடையாது, 193-ம் கிடையாது. 226 − 193 = 33. அதை 11 ஆல் வகுத்தா 3 ஓம்.

நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். வோல்ட் × வோல்ட் ÷ ஓம் சூத்திரத்தில் 226-ஐத் தூக்கிப் போட்டு 226 × 226 ÷ 3 = 17,000 வாட்னு கொண்டு வந்துருவாங்க. வீட்டு மீட்டர் மொத்தமும் அவ்வளவு தாங்காது. வயருக்கு எப்பவும் ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் போடுங்க. ஒரே கோட்டில் போற கரண்ட் எல்லா இடத்திலும் ஒண்ணுதான், அதில் தப்பு வர வழியில்லை. 11 × 11 × 3 = 363 வாட்.

இப்போ அந்த வயருக்கு எத்தனை ஓம் இருக்கணும்னு பாருங்க. 2.5 ஸ்கொயர் காப்பர் 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக 140, வர 140, ஆக 280 மீட்டர். திரும்பி வர்ற நியூட்ரலை மறந்து 140-க்கு மட்டும் கணக்குப் போட்டா பாதிதான் வரும். 0.28 × 7.41 = 2.07 ஓம். செம்பு ஒரு டிகிரி ஏறினா 0.39 சதவீதம் ஓம் ஏறும். நம்ம ஊர் மண்ணுக்கு 30 டிகிரி வச்சா 2.16. நடுவில் உள்ள 4 ஸ்கொயர் அலுமினியத்துக்கும் அதே 7.41 தான், அதனால அந்த 6 மீட்டரால் கணக்கு மாறாது.

ஆக இருக்க வேண்டியது 2.16, இருக்கிறது 3. மீதி ஜாயிண்ட்டில்தான் உக்காந்திருக்கு.

பாளை_லேப்

வயர்மேன் சொன்ன வழி சரி. ஆனால் உண்மையான எண் 3-ஐவிடக் கூட இருக்கும். மோட்டாரில் கரண்டும் வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வராது. கரண்ட் பிந்தி வரும். வயரில் விழும் வோல்ட் கரண்ட்டோடு சேர்ந்து வரும். அதனால் இரண்டு மீட்டரின் அளவைக் கழித்தால் கிடைக்கும் 33 என்பது வயரில் விழும் முழு வோல்ட் இல்லை, தோராயமாக அதை பவர் ஃபேக்டரால் (வோல்ட் × ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மையான வாட் ஆகிறது என்ற எண்) பெருக்கியது. பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 33 ÷ (11 × 0.9) = 3.33 ஓம்.

அந்த 0.9 ஊகம்தான். ஊகம் வேண்டாம் என்றால் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கிணற்றடியில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை லோடாகப் போடுங்கள். ராடில் இருப்பது நிக்ரோம் கம்பி, அதன் பவர் ஃபேக்டர் 1. கழித்து வகுத்தால் நேரே வயரின் ஓம் வந்துவிடும். ராடின் சூடாகும் சுருள் பாகத்தை நிறைந்த வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்திய பிறகே சுவிட்ச் போட வேண்டும். வெளியே இருந்தால் நிமிடத்தில் கருகும். ராடு ஓடும்போது வாளியிலோ தண்ணீரிலோ கை வைக்கக் கூடாது, எர்த் பின் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர், கிணற்றில் ஒருவர், போனில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் இரண்டு மீட்டரையும் படிக்க வேண்டும். லைன் வோல்டேஜ் தானாகவே இரண்டு மூன்று வோல்ட் ஆடும். ஒருவரே வீட்டில் படித்துவிட்டுக் கிணற்றுக்கு நடந்து போய்ப் படித்தால் அந்த ஆட்டமும் கணக்கில் ஏறிவிடும். அதற்கு முன்னால் இரண்டு மீட்டரையும் ஒரே சாக்கெட்டில் வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மோட்டார் ஓடும்போது வீட்டில் மற்ற எல்லாவற்றையும், ஃபிரிட்ஜ் உட்பட, அணைத்துவிட்டு ஈபி மீட்டரின் சிவப்பு எல்இடி ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

மேலப்பாளையம்_டிப்ளமோ

லேப் அக்கா, ஒரு சந்தேகம். 193 ÷ 11 = 17.5 ஓம் என்பது மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ்தானே? ஆனால் இந்த அளவு மோட்டாரில் ரன்னிங் காயிலை மல்டிமீட்டரில் வைத்தால் 2.4 ஓம் போலத்தான் காட்டுகிறது. எது சரி?

சங்கரன்கோவில்_காயில்

தம்பி, ரெண்டும் சரிதான், ரெண்டும் வேற வேற. 2.4 ஓம் செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ். 17.5 ஓடுற மோட்டாரோட இம்பிடன்ஸ், அதாவது ஏசி கரண்ட்டுக்கு அது காட்டுற மொத்தத் தடை. ரோட்டார் சுத்தும்போது காயிலுக்குள்ளயே எதிர் வோல்டேஜ் பிறக்குது, அதுதான் கரண்ட்டை 11-ல நிறுத்தி வைக்குது. 2.4-ஐ நம்பி 193 × 193 ÷ 2.4 போட்டா 15,500 வாட் வரும், 1.5 எச்பி மோட்டாருக்கு அது நடக்குமா? மோட்டாருக்கு வாட்னா வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர், அவ்வளவுதான். 2.4-ஐ காயில் ஷார்ட் ஆச்சா, அறுந்துச்சான்னு பாக்க வச்சுக்கோ.

பல்பும் இப்படித்தான் ஏமாத்தும். 100 வாட் குண்டு பல்புக்கு 230 × 230 ÷ 100 = 529 ஓம். அணைஞ்ச பல்பை மீட்டர்ல வச்சா 40 ஓம் பக்கம் காட்டும். டங்ஸ்டன் சூடேறினா பத்துப் பன்னிரண்டு மடங்கு ஏறும். ஹீட்டர் ராடு அப்படி ஏறாது, அதனாலதான் லேப் டீச்சர் ராடைச் சொல்லுதாவ.

தோப்புக்காரருக்கு: கிணற்றடியில ஸ்டெபிலைசர் போடாதீங்க. அது வாட்டை உண்டாக்காது. 193-ஐ 230 ஆக்கணும்னா அந்தப் பக்கம் எத்தனை மடங்கு வோல்ட் கூடுதோ அத்தனை மடங்கு கரண்ட்டை இந்தப் பக்கம் வயர்ல இருந்து இழுக்கும். மோட்டார் வேணா குளுந்து ஓடும், வயர்ல போறது 11-ஐ விடக் குறையாது, கெட்ட ஜாயிண்ட் அப்படியே வெந்துக்கிட்டு இருக்கும். வீட்டுப் பக்கம் போட்டு 260-க்கு ஏத்தினா, மோட்டார் நிக்குற நேரம் கிணற்றடி பேனலுக்கு 260 போயி கண்டன்சரும் கான்டாக்டர் காயிலும் போயிரும்.

உறுமிக்கிட்டு நிக்கிறதுக்கும் இந்த ஓம்தான் காரணம். எடுக்குற நேரத்துல இந்த மோட்டார் தோராயமா 5 ஓம் மாதிரி நிக்கும். அதோட வயர் 3.3, ஈபி லைன் ஒரு அரை ஓம். 231 ÷ 8.8 = 26 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைக்கிறது 131 வோல்ட். டார்க் (மோட்டாரைச் சுத்த வைக்கிற திருப்பு விசை) வோல்ட்டோட இருமடியில விழும்; 131 ÷ 230-ஐ இருமடி பண்ணினா 0.32. மூணுல ஒரு பங்கு டார்க்குல எப்படி எடுக்கும்? கண்டன்சரை மாத்தி மாத்திப் போட்டுப் பிரயோசனம் இல்ல.

கன்னடியன்_தோப்பு

ராடு போட்டுப் பாத்தாச்சு. மோட்டார் வயரைக் கழற்றி, ராடு வாளிக்குள்ள. ராடு இல்லாதபோது 231. ராடு ஓடும்போது வீட்டில் 228, கிணற்றில் 208.5, கரண்ட் 5.9 ஆம்பியர்.

மோட்டாரைத் திருப்பி மாட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் அணைச்சு எண்ணினதில் மீட்டர் எல்இடி நிமிஷத்துக்கு 123 மின்னுது. மீட்டரில் 3200 இம்ப் / கிலோவாட் மணின்னு போட்டிருக்கு.

பாளை_லேப்

அருமையான அளவுகள், ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

228 − 208.5 = 19.5 வோல்ட். 19.5 ÷ 5.9 = 3.3 ஓம். இதுதான் உங்கள் வயரும் ஜாயிண்ட்டும் சேர்ந்த ரெசிஸ்டன்ஸ்.

சரிபார்க்க: 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் 35.3 ஓம். 208.5 ÷ 35.3 = 5.9 ஆம்பியர், கிளாம்ப் மீட்டர் சொல்வதும் அதுவே. ராடில் 208.5 × 5.9 = 1230 வாட் விழுகிறது. வோல்டேஜ் ஒன்பது சதவீதம் குறைந்ததற்கு வாட் பதினெட்டு சதவீதம் குறைந்திருக்கிறது.

ஈபி பக்கமும் தெரிகிறது. 231-லிருந்து 228, அதாவது 5.9 ஆம்பியருக்கு 3 வோல்ட், அரை ஓம். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் மீட்டர் வரை உள்ளது அது. அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை, பெரிய குறையும் இல்லை.

இனி மோட்டார். ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மின்னல் = 60 × 1000 ÷ 3200 = 18.75 வாட். 123 × 18.75 = 2306 வாட். இதில் வயர் தின்றது 11 × 11 × 3.3 = 399. மோட்டாருக்குப் போனது 1907. மோட்டார் முனையில் வோல்ட் × ஆம்பியர் 193 × 11 = 2123. 1907 ÷ 2123 = 0.9. பவர் ஃபேக்டர் இப்போது ஊகமில்லை, அளந்தது.

முதலில் கிடைத்த 33 வோல்ட்டை வைத்து 33 × 11 = 363 வாட் என்று நிறுத்தியிருந்தால் 36 வாட் விட்டுப்போயிருக்கும். வயரில் உண்மையில் விழுவது 11 × 3.3 = 36.3 வோல்ட்.

பேட்டை_வயர்மேன்

3.3-ல் 2.16 போக 1.14 ஓம் மிச்சம். 11 ஆம்பியருக்கு அது 138 வாட். இது 280 மீட்டருக்குப் பரவின சூடு இல்லை. விரல் நீள ஜாயிண்ட் ஒண்ணுக்குள்ள, சின்ன சால்டரிங் அயர்ன் அஞ்சை ஒண்ணாக் கட்டி வச்ச மாதிரி. இதை இப்படியே ஓட்டாதீங்க.

எந்த ஜாயிண்ட்னு கண்டுபிடிக்க 230 வோல்ட்டோட டேப்பைப் பிரிச்சு ப்ரோப் வைக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி போதும். வீட்டில் எம்சிபியை (டிரிப் சுவிட்சை) இறக்கி, கிணற்று வயரோட ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் டெர்மினலில் இருந்து கழற்றிருங்க. கிணற்றடியிலும் பேனலில் இருந்து கழற்றி ரெண்டு முனையையும் ஒண்ணா இறுக்கிக் கட்டுங்க. வீட்டுப் பக்கம் பேட்டரியோட ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை சீரிஸா வச்சு வயரில் கொடுங்க. பல்பு இருக்கிறதால எங்கே ஷார்ட் ஆனாலும் வயர் வேகாது. கரண்ட்டைக் கிளாம்ப் மீட்டரில் பாக்கணும்னா அது டிசி படிக்கிறதா இருக்கணும். சாதா கிளாம்ப் டிசிக்கு பூஜ்யம்தான் காட்டும். இல்லன்னா மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டி சீரிஸில் வைங்க.

55 ÷ 12 = 4.6 ஆம்பியர் வரணும்னு எதிர்பார்க்காதீங்க. வயரும் சேர்ந்து நிக்கிறதால பல்பு மங்கலா எரியும், சங்கரன்கோவில்காரர் சொன்ன மாதிரி அதோட ஓமும் மாறிரும். எவ்வளவு வந்தாலும் அளந்ததை எழுதிக்கோங்க. பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வச்சு ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு ப்ரோப், அந்தப் பக்கம் ஒரு ப்ரோப். நல்ல ஜாயிண்ட்டில் மில்லிவோல்ட்தான் வரும்.

மல்டிமீட்டரோட ஓம் ரேஞ்சில் நேரா வச்சா என்னன்னு கேப்பீங்க. ப்ரோப் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். அது விடுற கரண்ட்டும் மில்லி ஆம்பியர் கணக்கு. லோடு ஏறும்போது ஜாயிண்ட் எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாது.

கன்னடியன்_தோப்பு

பேட்டரி போட்டாச்சு. கரண்ட் 2.55 ஆம்பியர், வயர் முழுசுக்கும் 8.4 வோல்ட். வகுத்தா 3.29, ராடு சொன்ன அதே எண். வீட்டுக்குப் பின்னால உள்ள ஜாயிண்ட் ரெண்டு கோரிலும் சேத்து 0.02 வோல்ட். வாய்க்காலுக்கு வடகரை ஜாயிண்ட் ஃபேஸில் 0.06. தென்கரை ஜாயிண்ட் நியூட்ரலில் மட்டும் 2.8 வோல்ட்! 2.8 ÷ 2.55 = 1.1 ஓம்.

பிரிச்சதில் டேப் உருகி பைப்போட ஒட்டிக் கிடந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கு, அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிருது. ஏழு இழையில் மூணு இழைதான் சேர்ந்திருக்கு, மிச்சம் தொட்டா ஒடியுது. முறுக்கிவிட்டு டேப் சுத்தினது, வேற ஒண்ணும் இல்லை.

பேட்டை_வயர்மேன்

செம்பையும் அலுமினியத்தையும் நேரா முறுக்கி, வாய்க்கால் ஈரத்தில் புதைச்சா வேற எப்படி இருக்கும்? ரெண்டு உலோகம், நடுவில் ஈரம், அலுமினியம் கரைஞ்சுக்கிட்டே போகும். அலுமினியம் ஆக்சைடு கரண்ட்டைக் கடத்தாது. தொடுற இடம் குறைய ஓம் ஏறும், ஓம் ஏற சூடு, சூட்டில் இன்னும் ஆக்சைடு.

அது நியூட்ரலில் இருந்தது ரொம்ப ஆபத்து. முழுசா அறுந்திருந்தா மோட்டார் நின்னிருக்கும், ஆனா கிணற்றடி நியூட்ரல் டெர்மினல் மோட்டார் காயில் வழியா 230 வோல்ட்டில் நின்னிருக்கும். கரண்ட் இல்லைன்னு நினைச்சுக் கை வைக்கிறவங்களுக்கு என்ன ஆகும்?

அந்த 6 மீட்டர் அலுமினியத்தைத் தூக்கிருங்க. அதே இடத்துக்கு காப்பர் வயர், காப்பர் ஃபெரூல் (ரெண்டு வயர் முனையும் நுழையுற செப்புக் குழாய்) போட்டு கிரிம்பிங் டூலில் அழுத்தணும். கட்டிங் பிளேயரில் நசுக்கினா ஆறு மாசத்தில் தளந்துரும். ஃபேஸ் ஜாயிண்ட்டும் நியூட்ரல் ஜாயிண்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் வராம நாலு விரல் தள்ளி. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். முடிஞ்சா ஜாயிண்ட்டை மண்ணுக்குள்ளயே வைக்காம கரையில் ஒரு கல்தூண் நட்டு இடுப்பு உயரத்தில் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள கொண்டு வாங்க. ஐப்பசி மழைக்கு வாய்க்கால் நிரம்பினாலும் அது நனையாது.

கன்னடியன்_தோப்பு

அப்படியே செய்தாச்சு, பாக்ஸ் கரை மேல. ராடு போட்டு அளந்ததில் வீடு 228, கிணறு 214.8, கரண்ட் 6.1. மோட்டார் போட்டா வீடு 226, கிணறு 206, கரண்ட் 10.2. உறுமல் இல்லை, உடனே எடுக்குது. 13.2 ÷ 6.1 = 2.16 ஓம், வயர்மேன் முதல்ல சொன்ன எண். ஆனா இன்னும் 20 வோல்ட் போகுதே. வயரை மாத்தினா எந்த அளவு போடணும்?

பாளை_லேப்

இப்போது வயரில் போவது 10.2 × 10.2 × 2.16 = 225 வாட். முன்பு 399. இனி மிச்சமிருப்பது நேர்மையான செம்பின் ஓம், அதைக் குறைக்கக் கனத்தைக் கூட்டுவதே வழி.

4 ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 4.61. 280 மீட்டருக்கு 1.29 ஓம். கரண்ட் 9.6 பக்கம் வரும், மோட்டார் முனையில் குறைவது 11 வோல்ட், கிணற்றில் 215 கிடைக்கும், வீணாவது 119 வாட். 6 ஸ்கொயர் போட்டால் 3.08, அதாவது 0.86 ஓம், குறைவது 7 வோல்ட், வீணாவது 75 வாட். வழக்கமாக வீட்டு மீட்டரிலிருந்து மோட்டார் வரை 5 சதவீதத்துக்குள், உங்களுக்கு 11 வோல்ட்டுக்குள், நிற்கப் பார்ப்பார்கள். 4 ஸ்கொயர் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், 6 தாராளம்.

செலவு பார்த்தால் 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிள். அதற்கும் 3.08 தான், 6 ஸ்கொயர் காப்பருக்குச் சமம். ஒரே நீளமாக, நடுவில் ஒட்டே இல்லாமல் வாங்குங்கள். இரண்டு முனையிலும் செம்பு டெர்மினலில் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) கட்டாயம்.

ராதாபுரம்_5எச்பி

இந்தக் கணக்கு த்ரீ ஃபேஸுக்கும் பொருந்துமா? கம்பத்திலிருந்து 250 மீட்டர், 6 ஸ்கொயர் அலுமினியம், 5 எச்பி, 7.5 ஆம்பியர்.

பாளை_லேப்

பொருந்தும், இரண்டு இடத்தில் மாற்றம். நியூட்ரல் வழியே கரண்ட் திரும்புவதில்லை, அதனால் ஒரு பக்க நீளம் மட்டும். 0.25 × 4.61 = 1.15 ஓம், வெயிலில் கிடக்கும் கேபிளுக்கு 45 டிகிரி வைத்தால் 1.27. இரண்டாவது, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் உள்ள வோல்ட் என்பதால் 1.732-ஆல் பெருக்க வேண்டும். குறையும் வோல்ட் 1.732 × 7.5 × 1.27 × 0.82 = 13.5. இதில் 0.82 பவர் ஃபேக்டர், உங்கள் மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். 415-க்கு இது 3.3 சதவீதம், பரவாயில்லை. வீணாகும் வாட் மூன்று கோருக்கும் சேர்த்து 3 × 7.5 × 7.5 × 1.27 = 214.

ஆனால் மூன்று ஃபேஸிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் ஜாயிண்ட் கெட்டிருந்தால் வோல்டேஜ் 2 சதவீதம் சாய்ந்தாலே கரண்ட் பத்து சதவீதத்துக்கு மேல் சாயும்.

சங்கரன்கோவில்_காயில்

தோப்புக்காரரே, ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த ஓவர்லோடு ரிலே இன்னும் 12-லயேதான இருக்கு? இப்ப 10.2 ஓடுது, நேம் பிளேட் 9.5. கேபிள் மாத்தி 9.5-க்குள்ள வந்த உடனே ரிலேயை 9.5-க்கு இறக்கிருங்க. அதுவரைக்கும் 10.5-ல வச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டாதீங்க. 12-லயே விட்டா நாளைக்கு இம்பெல்லர்ல குப்பை மாட்டி லோடு ஏறினாலும் ரிலே விழாது, காயில் கருகின பிறகுதான் தெரியும்.